கட்டில் கூட்டலாமா, வழியைத் திறக்கலாமா? எல்லையோரக் கேசுவால்டிக்கு எது முதலில்

கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கில் ஐம்பது அறுபது கட்டில் போட்ட மருத்துவமனைகளில் கேசுவால்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு, என்பது பெரும்பாலும் முன்வாசலை ஒட்டிய ஒரே ஹால்தான். ஐந்தாறு கட்டில், ஒரு ஈசிஜி பெட்டி, ஒரு மானிட்டர், சுவரோரம் ஆக்சிஜன் சிலிண்டர். ராத்திரியானால் ஒரு டியூட்டி டாக்டரும் இரண்டு சிஸ்டர்களும். ஐப்பசி வந்துவிட்டால் இந்த ஹாலைப் பற்றி நிர்வாகத்தில் பேச்சு கிளம்பும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை குமுளி ரோட்டில் ஐயப்பமார் வண்டி நிற்காமல் ஓடும். வாந்தி, காய்ச்சல், நெஞ்சுவலி, மலைப்பாதையில் சாய்ந்த வேன் என்று எல்லாம் கீழே இறங்கி வரும். இருக்கும் பணத்தில் ஒரு வேலைதான் செய்யலாம். எதைச் செய்தால் உள்ளே வந்தவரைச் சீக்கிரம் கவனிக்க முடியும்?

நான் நர்சிங் மேற்பார்வை பார்ப்பவள். அதனால் என் கணக்கு டாக்டர்கள் போடும் கணக்கிலிருந்து கொஞ்சம் மாறும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சபரிமலைக் கூட்டம் இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் வருகிறவர்கள் வேறு. கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்கள். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். இவர்களுக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரி மலைச்சுற்றில் வெகுதூரம். கம்பம் இறங்கினால் வந்துவிடும். மலையாளம் மட்டுமே பேசும் குடும்பங்களும் வரும். பாம்புக்கடி, பூச்சிமருந்து, ஜீப் விபத்து, மூச்சிரைப்பு. கூடவே, பகலில் ஓ.பி.க்கு வர நேரமில்லாமல் இருட்டிய பிறகு வருகிற சளியும் தலைவலியும்.

பேச்சு தொடங்கினால் ஆளுக்கொரு யோசனை. டாக்டர்கள் இன்னும் நாலு கட்டில் கேட்பார்கள். லேப்காரர்கள் கேசுவால்டிக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை மெஷின் கேட்பார்கள். நர்சுகள் நாங்கள் வாசலில் யார் அவசரம் என்று பார்த்துப் பிரிக்கும் ஒரு ட்ரையேஜ் மேஜையும், சின்னக் கேஸ்களுக்குத் தனி அறையும் கேட்போம். இன்னொன்றை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்கு பில் வராது, திறப்பு விழாவும் வைக்க முடியாது: பார்த்து முடித்தவர் ஹாலை விட்டு வெளியே போகும் வழி. நான் அதன் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கட்டில். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மணிக்கு நாலு பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக இரண்டு மணி நேரம் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக எட்டுப் பேர் உள்ளே இருப்பார்கள். தங்கும் நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைத்தால் ஆறு பேர். ஒரு கட்டில்கூட வாங்காமல் இரண்டு கட்டில் கிடைத்துவிட்டது. மாறாக நாலு கட்டில் கூடப் போட்டால் காத்திருப்பவர் நின்றுகொண்டு காத்திருக்காமல் படுத்துக்கொண்டு காத்திருப்பார், அவ்வளவுதான். கட்டில் நிரம்ப வெகுநாள் ஆகாது. அதைப் பார்க்க அதே இரண்டு சிஸ்டர்கள். கட்டில் வாங்கும் காசு ஒரு தடவை, அதற்கு ஆள் போடும் சம்பளம் மாதாமாதம் என்பதை பட்ஜெட் போடுகிறவர்கள் ஏனோ கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

சரி, அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? ஜீப் கவிழ்ந்து கணுக்கால் வீங்கி வந்த ஒரு அம்மாவின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் கிடைக்கும்வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பார். கூட வந்தவர் சீட்டு போட கவுண்டரில் நிற்பார். பெயர், ஊர், ஆதார், போன் நம்பர். விபத்து என்பதால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு வேண்டும். எங்கே கவிழ்ந்தது, லோயர் கேம்புக்கு மேலேயா, குமுளி தாண்டியா, எந்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வது என்று அங்கே ஒரு விவாதம் நடக்கும். பிறகு டாக்டர் பார்த்து எக்ஸ்ரே எழுதுவார். எக்ஸ்ரே ரூமில் முன்னால் இரண்டு பேர். படம் வந்ததும் எலும்பு டாக்டருக்கு போன். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். அட்மிஷன் என்று முடிவானதும் மாடி வார்டுக்கு போன். "ரூம் இன்னும் கழுவலை சிஸ்டர், ஒரு அரை மணி கழிச்சு அனுப்புங்க." டாக்டரின் கை நோயாளி மேல் பட்ட நேரம் இதில் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்கு இடையில் சும்மா கிடந்த நேரம். கேசுவால்டியை வேகப்படுத்துவது என்றால் யாரையும் ஓடச் சொல்வது கிடையாது. இந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக மூடுவதுதான்.

சில இடைவெளிகளை ஒரு ரூபாய் செலவில்லாமல் மூடலாம். சீட்டு போடுகிறவர் கட்டிலுக்கு வந்து விவரம் கேட்கலாம். சிகிச்சை ஒரு பக்கம், பதிவு ஒரு பக்கம் நடக்கும். ஏ.ஆர். முடிந்தால்தான் கை வைப்போம் என்பதற்கு இடமே கிடையாது. போலீஸ் நடைமுறைக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. காசு யார் கட்டுவது என்ற பேச்சையும் சாலை விபத்தில் முதலில் எடுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கம்பத்திலிருந்து மலையேறும் சாலையில் குமுளி வரை தமிழ்நாடுதான். இதைப் பதிவு கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால், கேரளக் குடும்பம் ஒன்று ஏ.டி.எம். தேடி அலைவது மிச்சமாகும்.

அடுத்து ட்ரையேஜ். வருகிறவர்களை அவசரத்தின் அளவைப் பார்த்துப் பிரிப்பது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறம், அமெரிக்காவில் அதிகம் புழங்கும் முறையில் ஐந்து நிலை. நம் அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபின் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று. சின்ன இடத்துக்கு மூன்றே போதும். ஐந்து நிறத்துக்கு நடுவில் யோசிக்கிற நேரத்தில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றுவிடும்.

ட்ரையேஜ் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அது மொத்தக் காத்திருப்பைக் குறைக்காது. யார் காத்திருப்பது என்பதை மாற்றும். அதனால்தான் அது உயிர் காக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். மாரடைப்பு என்று தெரிந்து, ஆஞ்சியோ வசதி உள்ள இடத்தில் 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட வேண்டும். கம்பத்திலிருந்து மதுரைக்கு உள்ள தூரத்துக்கு இது தினசரி நடக்கிற கணக்கு. அந்த ஆள் காய்ச்சல் வரிசையில் ஏழாவதாக உட்கார்ந்திருந்தால் மற்ற எந்த வேகமும் பயன்படாது.

ஆனால் வரிசை என்பது நம் ஊரில் ஒரு நியாயம். அவசரமில்லை என்று பச்சைப் பட்டை கட்டிய ஆள் சும்மா இருக்க மாட்டார். "ஏ சிஸ்டரு, நாங்க விடியக்காலையில இருந்து உக்காந்திருக்கம்ல, இப்ப வந்தவுகள உள்ள விடுறீக?" என்று எழுந்துவிடுவார். அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரை வாசலில் நிறுத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்ணை அங்கே போடுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. அனுபவம் உள்ளவரை, தமிழும் மலையாளமும் பேசுகிறவரை அங்கே போடுங்கள். "சேச்சி, நெஞ்சில் ஒரு பாரம்" என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் மொழிபெயர்க்கக் காத்திருக்க முடியாது.

இன்னொரு பொறி: ட்ரையேஜ் மேஜையே ஒரு புது வரிசையாகிவிடும். உள்ளே கட்டில் காலியாக இருக்கும்போது வாசலில் நிறுத்தி பிபி பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. காலியாக இருந்தால் நேராக உள்ளே, நிரம்பிய பிறகுதான் மேஜை என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே வாசல் சிஸ்டருக்கு டாக்டரைக் கேட்காமலே செய்ய எழுத்தில் அனுமதி கொடுத்துவிட வேண்டும்: ஈசிஜி, சுகர், காய்ச்சல் மாத்திரை, எக்ஸ்ரே சீட்டு. கணுக்காலுக்கு 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கிய விதி இதற்கென்றே இருக்கிறது. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அமுக்கினால் வலிக்கிறதா, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்த்தே எக்ஸ்ரே வேண்டுமா வேண்டாமா என்று நர்சே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். இந்த அனுமதி இல்லாத ட்ரையேஜ் வெறும் கலர் பட்டை.

பெரிய ஊர்களில் வாசலிலேயே ஒரு சீனியர் டாக்டரை உட்கார வைக்கிறார்கள். பலன் இருக்கிறது, பார்க்காமலே திரும்பிப் போகிறவர்கள் குறைகிறார்கள். எங்களைப் போன்ற இடத்தில் இருப்பதே ஒரு டாக்டர், அவரை வாசலுக்கு அனுப்பினால் உள்ளே யார்? அதை இங்கேயே விட்டுவிடலாம்.

சின்னக் கேஸ்களுக்குத் தனி அறை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். காரணம் பூச்சிமருந்து. ஏலத்துக்கும் திராட்சைக்கும் அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு ஒருவர் வந்தால், உடையைக் களைந்து உடம்பைக் கழுவி, அட்ரோபின் எனும் முறிமருந்தை ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நெஞ்சில் சளிச் சத்தம் குறைந்ததா, நாடித்துடிப்பு ஏறியதா என்று பார்த்து, போதாவிட்டால் முந்தின டோஸை இரட்டிப்பாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாது. அப்போது விரலில் முள் குத்தியவரும், தையல் பிரிக்க வந்தவரும், சளிக்கு மருந்து கேட்பவரும் அதே வரிசையில் நின்றால் ஹால் உறைந்துவிடும். பக்கத்து அறையில் ஒரு மேஜை, தையல் ட்ரே, மாலை ஆறு முதல் பத்து வரை மட்டும் ஒரு ஜூனியர் டாக்டர் இருந்தால் அவர்கள் அரை மணியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடுமையான நோயாளிகளின் டாக்டரைப் பிடுங்காதவரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டிலுக்குப் பதில் சாய்வு நாற்காலிகள் போடுங்கள். நெபுலைசர் பிடிக்கிறவர் உட்கார்ந்தேதான் பிடிப்பார், ட்ரிப்ஸ் ஏறுகிற பல பேருக்கும் படுக்கை தேவையில்லை. கட்டில் கேட்ட டாக்டர்களுக்கு நான் சொல்லும் சமரசம் இதுதான்.

மெஷின் விஷயத்தில் எனக்கு உற்சாகமில்லை. ரத்த முடிவு கால் மணியில் வந்துவிடும், சரி. வந்த முடிவைப் பார்த்து முடிவெடுக்கிறவர் தியேட்டரில் இருந்தால் அந்தத் தாள் மேஜையில் கிடக்கும். சோதனை வேகமாவதும் நோயாளி வேகமாகப் போவதும் ஒன்றில்லை. சில சோதனைகளை வேகப்படுத்தவும் முடியாது. பாம்புக்கடிக்கு நாங்கள் நம்புவது கண்ணாடிக் குழாயைத்தான்: புதிய, உலர்ந்த, சோப்பு படாத குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. அந்த இருபதைப் பத்தாக்கினால் பதில் பொய்யாகிவிடும். ஆனால் குழாயைத் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தலாம். வாசல் மேஜையிலேயே நாலு குழாயும் ஒரு டைமரும் வைத்திருந்தால் சீட்டு போடும் நேரத்திலேயே சோதனை பாதி முடிந்திருக்கும்.

பாம்புக்கடியே என்னைக் கடைசி யோசனைக்குக் கொண்டுவருகிறது. ஏலத்தோட்டங்களில் மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியன் உண்டு. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தான். குழிவிரியனுக்கு அது கேட்காது. குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையாது, சிலருக்குச் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போகும். மலையிலிருந்து வந்த கடி, மருந்துக்கு மசியவில்லை என்றால் அந்த ஆளைச் சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கே? தேனி தாண்டி கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கா, மதுரைக்கா? குடும்பம் கோட்டயம் என்று சொல்லும். அங்கே படுக்கை இருக்கிறதா என்று யாருக்கு போன் செய்வது? பதில் வரும்வரை அவர் நம் கட்டிலில்தான் இருப்பார்.

கேசுவால்டி அடைபடுவது வாசலில் இல்லை, பின்பக்கம் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். நியூயார்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் ஒரு துணிச்சலான ஏற்பாடு செய்தார்கள். அட்மிஷன் முடிவான நோயாளிகள் கேசுவால்டி வராந்தாவில் குவிந்தால், வார்டுக்கு ஒருவர் இருவர் என்று மாடி வராந்தாக்களுக்கு அனுப்பிவிடுவது. தன் வராந்தாவில் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்ததும் வார்டுக்காரர்களுக்குக் காலி ரூம் சட்டென்று கிடைத்துவிட்டது! நோயாளிகளும் கேசுவால்டி வராந்தாவைவிட மாடி வராந்தாவே மேல் என்றார்கள். இங்கிலாந்தில் வேறு வழி பிடித்தார்கள். 2004 முதல் நூற்றுக்கு 98 பேரை நாலு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று இலக்கு. 2010-ல் அது 95 ஆனது. காத்திருப்பு முதலில் நன்றாகக் குறைந்தது. கூடவே, நாலு மணி முடிய இருக்கும் கடைசி நிமிடங்களில் அவசர அவசரமாக நோயாளிகளை நகர்த்தும் பழக்கமும் வந்தது. நேரத்துக்கு மட்டும் இலக்கு வைத்தால் நேரத்தைத்தான் கவனிப்பார்கள்.

எங்கள் அளவுக்கு இதன் அர்த்தம் என்ன? வார்டில் வீட்டுக்குப் போகவேண்டியவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை முதல் நாள் மாலையே எழுதி வைப்பது. பில் கவுண்டர் காலை பதினொரு மணிக்குள் அவரை விடுவிப்பது. கேசுவால்டி கூப்பிட்டால் வார்டு "முடியாது" என்று சொல்லக்கூடாது, "எத்தனை நிமிடத்தில்" என்று மட்டும் சொல்லலாம் என்று விதி. ரூம் கழுவ ராத்திரி ஷிப்டில் ஒரு ஆள். வெளியூருக்கு அனுப்புவதற்கு, எந்த நோய்க்கு எந்த மருத்துவமனை, அங்கே எந்த எண், யார் முடிவு சொல்வார் என்று சுவரில் ஒரு தாள்; மாதம் ஒருமுறை அந்த எண்களை அழைத்துச் சரிபார்க்க ஒருவர். எல்லைப் பக்கம் 108-ஐ அழைத்தால் போன் பிடிக்கிற டவரைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடுவதுண்டு. அதனால் லேண்ட்லைனிலிருந்து அழைப்பதே பத்திரம். ரெஃபரல் கடிதம் அச்சடித்த படிவமாக இருக்கட்டும். கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், ஈசிஜி நகல். இல்லையென்றால் போன இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு அட்டெண்டர் சம்பளமும் கொஞ்சம் மனஸ்தாபமும். மனஸ்தாபம்தான் பெரிய செலவு. மாடி வார்டின் சீனியர் சிஸ்டரிடம் போய் இதைச் சொல்வதைவிட நாலு கட்டில் வாங்குவது யாருக்கும் எளிது.

ஆகவே என் வரிசை இது: முதலில் வெளியே போகும் வழி, அதோடு கட்டிலருகே பதிவு. இரண்டாவது எழுத்து அனுமதியோடு ட்ரையேஜ். மூன்றாவது மாலை நேரத் தனி அறையும் நாற்காலிகளும். மெஷின் அதற்குப் பிறகு. கட்டில் கடைசி.

எல்லா எல்லை ஊருக்கும் இதே வரிசை பொருந்தாது. ஆந்திர எல்லையில் காட்பாடி கிறிஸ்டியான்பேட்டை பக்கமோ, குடியாத்தத்துக்கு மேலே பரதராமி பக்கமோ சின்ன மருத்துவமனை நடத்துகிறவருக்கு வேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூரின் பெரிய மருத்துவமனையான சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகமும் 2022 முதல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. அங்கே அனுப்புவது சிக்கல் இல்லை. யாரை உடனே அனுப்புவது என்று வாசலில் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். அவர்கள் ட்ரையேஜை முதலில் வைக்கலாம், தெலுங்கு பேசுகிற சிஸ்டரோடு. மலைக்குக் கீழே, பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிற எங்களுக்குத்தான் பின்வாசல் முதலில்.

கார்த்திகைக்கு முன் ஒரு மாதம், ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் இரண்டு நேரத்தை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன்: டாக்டர் "அட்மிட்" அல்லது "ரெஃபர்" என்று எழுதிய நேரம், நோயாளி ஹாலை விட்டு நகர்ந்த நேரம். இரண்டுக்கும் இடையில் பதினைந்து நிமிடம்தான் என்று வந்துவிட்டால் நான் சொன்னதை ஒதுக்கிவிட்டு டாக்டர்களின் நாலு கட்டிலுக்கே கையெழுத்துப் போடலாம்.